21-ஆம் தேதி பிறக்கிற வாசிப்பு மாதம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு ஈரோட்டில். எங்கள் வேலையில் மாதத்தை நடத்துவது காலண்டர் இல்லை, கடைசித் தேதிகள்தான். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வருமான வரி, கட்ட வேண்டும். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன். 15-ஆம் தேதி ஊழியர்களின் பிஎஃப்பும் (வருங்கால வைப்பு நிதி) இஎஸ்ஐயும் (மருத்துவக் காப்பீடு). 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, வரியைக் கட்டி முடிக்கிற மாத ரிட்டர்ன். இந்த நான்கையும் தாண்டினால்தான் தலை நிமிர முடியும். அதனால் என் வாசிப்பு மாதம் 21-ஆம் தேதி தொடங்கி, அடுத்த மாதம் 20-ஆம் தேதி முடிகிறது.

மாத இலக்கு வைக்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் மாதம் எந்தத் தேதியில் லேசாகிறது என்று பாருங்கள். அந்தத் தேதியில் தொடங்குங்கள். ஆசிரியர் என்றால் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும் வாரங்களைத் தள்ளிவிட்டுத் தொடங்கலாம். ஜவுளிக் கடை வைத்திருப்பவர் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் இலக்கே வைக்க வேண்டியதில்லை, அந்த மாதங்களுக்கு நேராக ஒரு கோடு போட்டுவிடலாம். 1-ஆம் தேதி தொடங்கினால்தான் கணக்கு சரியாக வரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இரண்டாவது, 'மாதம் நான்கு புத்தகம்' என்று எண்ணிக்கையில் இலக்கு வைக்காதீர்கள். எண்ணிக்கை வைத்தால் கை தானாக மெல்லிய புத்தகத்தைத் தேடும். 600 பக்க நாவல் அலமாரியிலேயே கிடக்கும். 80 பக்கச் சிறுநூலும் ஒன்று, 600 பக்கமும் ஒன்று என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். நேரத்தில் வையுங்கள். நேரத்தைப் பக்கமாக மாற்றிக்கொள்ளலாம், அது சின்னக் கணக்குதான்.

வேகம் எவ்வளவு, நேரம் எவ்வளவு

போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். ஒரு புத்தகத்தை நடுவிலிருந்து வாசியுங்கள். முதல் அத்தியாயத்தில் அளக்கக் கூடாது. அங்கே ஆட்களின் பெயரும் ஊரும் பிடிபடவே நேரம் போகும், வேகம் குறைவாகக் காட்டும். அலாரம் அடித்ததும் எத்தனை பக்கம் நகர்ந்தது என்று எண்ணி எழுதுங்கள். யாருக்கும் காட்டுவதற்காக வேகமாக வாசிக்காதீர்கள். உங்களுக்கு மட்டும்தான் இந்த எண் தேவை.

நாவலுக்கு ஒரு எண், கட்டுரைக்கு ஒரு எண் என்று தனித்தனியாக அளக்க வேண்டும். ஆங்கிலத்திலும் வாசிப்பவர் அதற்கு மூன்றாவது எண் எடுத்துக்கொள்ளலாம். எனக்குச் சாதாரண டெமி அளவுப் புத்தகத்தில் (பெரும்பாலான தமிழ் நாவல்கள் வரும் அளவு) 20 நிமிடத்துக்கு நாவல் 14 பக்கம் போகும், கட்டுரை 9 பக்கம். கிரவுன் அளவுச் சின்னப் புத்தகம் என்றால் பக்கம் கூடும். உங்களுக்கு இதில் பாதி வரலாம், இரண்டு மடங்கும் வரலாம். எந்த எண் வந்தாலும் திட்டம் போட முடியும், எண் இல்லாமல்தான் போட முடியாது.

அடுத்தது நேரம். இருக்க வேண்டிய நேரத்தை எழுதாமல் இருக்கிற நேரத்தை எழுதுங்கள். ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். ஆனால் அதில் வாசிப்புக்கு 30 நிமிடம்தான் என்று வைத்திருக்கிறேன். ஈரோட்டில் ஏறி இடம் பிடித்து, பையை மேலே வைத்து, பக்கத்துச் சீட்டில் குசலம் விசாரித்து முடிக்கவே ஐந்து பத்து நிமிடம் ஆகும். திருப்பூருக்கு முன்னால் வரும் ஊத்துக்குளி தாண்டியதும் பெட்டியில் எல்லோரும் எழுந்து கதவுப் பக்கம் நகரத் தொடங்குவார்கள், அதற்கப்புறம் ஒரு வரி ஓடாது. மாலை ரயிலை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நின்றுகொண்டு வருகிற பயணம் அது.

வாரத்தில் ஆறு நாள் வேலை. காலை ரயில் 30 நிமிடம் வீதம் 180. இரவு படுக்கும் முன் 20 நிமிடம், வாரம் நான்கு நாள் என்று 80. ஞாயிறு மதியம் சமையல் முடிந்த பிறகு 60. ஆக வாரம் 320 நிமிடம், நான்கு வாரத்துக்கு 1,280. இதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கால் பங்கைக் கழித்துவிடுங்கள். கல்யாணம், காய்ச்சல், கரண்ட் கட், விருந்தாளி எல்லாம் அந்தக் கால் பங்குக்குள் வந்துபோகும். மிஞ்சுவது 960 நிமிடம். 20 நிமிடத்தை ஒரு துண்டு என்று வைத்தால் 48 துண்டு.

அந்த 48 துண்டுதான் என் மாத முதலீடு. 350 பக்க நாவல் ஒன்றுக்கு 25 துண்டு. 160 பக்கக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு 18 துண்டு. மொத்தம் 43. மீதி ஐந்து துண்டை எதற்கும் ஒதுக்காமல் விடுகிறேன். யாராவது ஒரு புத்தகத்தைக் கையில் திணித்து, "இதை மட்டும் படிச்சுப் பாருங்க" என்பார்கள். அதற்கு இடம் வேண்டும்.

21-ஆம் தேதியிலிருந்து 6-ஆம் தேதி வரை நாவல். 7-ஆம் தேதிக்கு மேல் கட்டுரை. காரணம் உண்டு. கட்டுரையை எட்டுப் பக்கத்தில் நிறுத்தினாலும் நாளைக்கு அடுத்த கட்டுரையில் தொடங்கலாம். நாவலை ரிட்டர்ன் வேலைக்கு நடுவே நான்கு நாள் விட்டால், அந்தச் சித்தப்பா யார், அவர் ஏன் கோபித்துக்கொண்டு போனார் என்று முப்பது பக்கம் பின்னால் போக வேண்டியிருக்கும்.

நோட்டு

நீள நோட்டு ஒன்று போதும். சின்ன டைரி வேண்டாம், கட்டம் போட இடம் பற்றாது. மாதத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் திட்டம், வலது பக்கம் நடந்தது. இரண்டும் எதிரெதிரே இருந்தால் புரட்டாமல் ஒப்பிடலாம்.

இடது பக்கத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி. பெயர், வந்த வழி (சொந்தம், நூலகம், இரவல்), நிகரப் பக்கம், தேவைப்படும் துண்டு, முடிக்கும் தேதி. நிகரப் பக்கம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்டையின் பின்னால் 272 பக்கம் என்று போட்டிருப்பார்கள். திறந்தால் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, முதல் பதிப்புக்கு முன்னுரை, இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை, என்னுரை, நன்றியுரை. கடைசியில் பதிப்பகத்தின் பிற வெளியீடுகள். புத்தகம் 31-ஆம் பக்கத்தில் தொடங்கி 262-இல் முடிந்துவிடும். ஆக நிகரம் 232. முன்னுரைகளை வாசிக்காதே என்று நான் சொல்லவில்லை, நல்ல முன்னுரை புத்தகத்தையே தூக்கி நிறுத்தும். அணிந்துரையைக் கடைசியில் வாசிப்பது என் வழக்கம், கதையை அதிலேயே சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்படியோ, திட்டத்தில் நிகரத்தைப் போட்டால்தான் துண்டுக் கணக்கு பொய் சொல்லாது.

வலது பக்கத்தில் ஐந்து கட்டம்: தேதி, எது, எந்தப் பக்கத்தில் நின்றேன், எத்தனை துண்டு, ஒரு வரி. என் நோட்டில் மூன்று நாள் இப்படி இருக்கும் ('நா.' நாவல், 'து.' துண்டு):

26. நா. 88. 2 து. பாட்டி பேச ஆரம்பித்தால் வேகம் குறைகிறது, பேச்சு மொழி அழகு.

27. நா. 88. 0. தூங்கிவிட்டேன், வழியில் விஜயமங்கலம் ஸ்டேஷன் வந்ததுகூடத் தெரியாது.

28. நா. 121. 2 து. பக்கம் 104, கிணறு.

புத்தகத்தின் பெயரை இங்கே வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயர் சொன்னால் பேச்சு புத்தகத்தைப் பற்றிப் போய்விடும், நோட்டு மறந்துபோகும்.

பூஜ்யத்தையும் எழுத வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பூஜ்யம் விழுந்த நாளை விட்டுவிட்டால் மாதக் கடைசியில் எங்கே நேரம் ஒழுகியது என்று கண்டுபிடிக்க முடியாது. என் நோட்டில் பூஜ்யங்கள் 10, 11 தேதிகளிலும் 18 முதல் 20 வரையிலும் கூட்டமாக இருக்கும். அது எதிர்பார்த்ததுதான். வேறு இடத்தில் கூட்டமாக வந்தால்தான் விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் புத்தகம் சரியில்லை என்று அர்த்தம், ஆள் சரியில்லை என்று அர்த்தமாகாது.

அந்த 'ஒரு வரி' கட்டம் விமர்சனம் எழுத அல்ல. 'பக்கம் 104, கிணறு' என்றால் அந்தக் கிணற்றுக் காட்சியை மறுபடி வாசிக்க வேண்டும் என்று பொருள். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் புத்தகத்தின் சுருக்கத்தைவிட இந்த மாதிரி ஒற்றைச் சொல்தான் முழுப் புத்தகத்தையும் கிளப்பிவிடுகிறது. நாள் பரபரப்பாக இருந்தால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பக்க எண்ணை மட்டும் விடாதீர்கள். எழுதுவதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் நோட்டே வேலையாகிவிடும், அப்புறம் யாரும் எழுத மாட்டார்கள்.

வாசித்து நிறுத்திய புத்தகங்களுக்கு நோட்டின் கடைசியில் தனிப் பக்கம் உண்டு. தலைப்பு: வாராக்கடன். புத்தகம், நின்ற பக்கம், ஏன் என்று நான்கு வார்த்தை. 'மொழிபெயர்ப்பு முட்டுகிறது.' 'எழுத்து பொடி, ரயிலில் முடியாது.' 'இப்போது வேண்டாம், சாவு வீடு.' இதில் முதல் காரணத்துக்கு உரியதை அலமாரியிலிருந்தே எடுத்துவிடலாம். இரண்டாவதை ஞாயிறு மதியத்துக்கு மாற்றலாம். மூன்றாவது பத்திரமாகக் காத்திருக்கட்டும். எல்லாவற்றையும் 'பிடிக்கவில்லை' என்று ஒரே வார்த்தையில் எழுதினால் இந்தப் பிரிவினை கிடைக்காது. எத்தனையாவது பக்கத்தில் கைவிடலாம் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு விதி வைத்திருப்பார்கள். என் விதி, மூன்று துண்டு. அதாவது ஒரு மணி நேரம். அதற்கு மேல் இழுத்துப் பிடிப்பது புத்தகத்துக்கும் மரியாதை இல்லை.

ஞாயிறன்று மட்டும் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். பின்தங்கி இருந்தால் இலக்கைக் குறைத்துவிடுவேன், தூக்கத்தைக் குறைக்க மாட்டேன். குறைத்ததைச் சிவப்பு மையில் எழுதுவேன், பழைய எண்ணை அழிக்காமல் மேலே ஒரு கோடு மட்டும். கணக்குப் பழக்கம், ஒயிட்னர் பூசக் கூடாது.

பக்கத்தில் அடங்காதவை

கவிதைக்குப் பக்கக் கணக்கு பொருந்தாது. பாட்டுக் கணக்குதான். நம்மிடம் இதற்கு முன்மாதிரி இருக்கிறது: திருப்பாவைக்கு முப்பது பாசுரம், மார்கழிக்கு நாளொன்று. இதைவிடக் கச்சிதமான மாத வாசிப்புத் திட்டம் எனக்குத் தெரியாது. குறளுக்கு 133 அதிகாரம். தினம் ஒரு அதிகாரம் என்றால் நான்கரை மாதத்தில் ஒரு சுற்று முடியும், ஒரு நாளைக்குப் பத்துக் குறள்தான். குறுந்தொகைப் பாடல்கள் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் இருக்கும், 401 பாடல்கள். நாளுக்கு ஒன்று என்று போனால் ஒரு வருடத்தைத் தாண்டும், ஆனால் உரையோடு சேர்த்தே ஐந்து நிமிடம் போதும். பல் துலக்கிவிட்டு காபி கொதிக்கும்வரை கிடைக்கும் நேரம் இதற்குத்தான் சரி. இவற்றின் மூலங்கள் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூல் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன, வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. உரைக்கு மட்டும் ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நாவலைப் பாகமாகப் பிரிக்கும்போது பாகங்கள் ஒரே அளவு என்று நம்பிவிடாதீர்கள். பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம், பலரும் 'மாதம் ஒரு பாகம், ஐந்து மாதம்' என்றுதான் தொடங்குகிறார்கள். முதல் பாகத்துக்கு 57 அத்தியாயம், இரண்டாவதற்கு 53, மூன்றுக்கும் நான்குக்கும் 46, 46. ஐந்தாவதற்கு 91. ஐந்தாவது மாதம் வந்ததும் திட்டம் குப்புற விழுவது இதனால்தான். ஆறு மாதமாகப் பிரித்தால் நிம்மதி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்த கதை அது, அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததற்கு இழுக்கும்படி முடியும். ரயில் வாசிப்புக்கு இது வசதிதான், இறங்க வேண்டிய நிறுத்தத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கிண்டிலில் பல தமிழ் மின்னூல்களுக்குப் பக்க எண் இருக்காது, சதவீதம்தான் தெரியும். அதே 20 நிமிட அலாரம்: எத்தனை சதவீதம் நகர்ந்தது என்று பாருங்கள். 20 நிமிடத்தில் 4 சதவீதம் என்றால் முழுப் புத்தகமும் 25 துண்டு. எழுத்தின் அளவை இடையில் மாற்றினாலும் சதவீதம் மாறாது, அந்த ஒரு விஷயத்தில் காகிதத்தைவிட இது சுலபம். ஒலிப்புத்தகத்துக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை, மணி நேரத்தை அதிலேயே போட்டிருப்பார்கள். கேட்கும் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் துலக்கும் நேரம் என் நோட்டில் தனிக் கட்டம், அதை வாசிப்பு நேரத்தோடு கலப்பதில்லை.

போனில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு குட்ரீட்ஸ் என்ற வாசகர் செயலியில் ஆண்டு இலக்கு வைக்கும் வசதி உண்டு. ஆனால் அது புத்தக எண்ணிக்கையில் இருப்பதால் நான் மேலே சொன்ன பிரச்சினை வரும். எக்செல் தெரிந்தவர்கள் நிகரப் பக்கத்தை 20 நிமிட வேகத்தால் வகுக்க ஒரு கட்டம் வைத்தாலே போதும், துண்டு தானாக வந்துவிடும். எக்செல்லில் தினம் எட்டு மணி நேரம் இருக்கிற எனக்கு அதை வீட்டிலும் திறக்க மனம் வராது. அதனால் நோட்டு.

நூலகப் புத்தகத்துக்கு மட்டும் எந்தத் திட்டமும் வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கிற தாளில் தேதி முத்திரை குத்தித் தந்துவிடுவார்கள். அதைவிட நல்ல கெடு யாராலும் வைக்க முடியாது. மாதம் ஒன்றாவது நூலகப் புத்தகமாக இருக்கட்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான். சொந்தப் புத்தகம் எங்கும் ஓடிப்போகாது என்ற தைரியத்தில்தான் தூசி படிகிறது.

ரயிலில் கூட வரும் தங்கச்சி ஒருத்தி, சரக்கு அனுப்பும் டெஸ்பேட்ச் பிரிவில் இருக்கிறாள். "ஏனுங்க்கா, இப்படிக் கணக்குப் போட்டுப் படிச்சா ரசிக்க முடியுமா?" என்று கேட்டாள். கணக்குப் போடுவது 21-ஆம் தேதி ஒரு நாள், கால் மணி நேரம். மற்ற நாளெல்லாம் வாசிப்புதான். "வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதறோம், அதுக்காகச் சாப்பாடு ருசிக்காமலா போகுது, கண்ணு?" என்றேன். இப்போது அவளும் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். அதில் கோடு போட்டதெல்லாம் பச்சை மை, எனக்குப் பார்க்கவே கண் கூசும்.

இருப்பு

வாசித்ததை மட்டும் எழுதினால் பாதிக் கணக்குதான். அலமாரியில் வாசிக்காமல் எத்தனை இருக்கிறது என்பதும் வேண்டும். மாதப் பக்கத்தின் அடியில் நான்கு எண் போடுங்கள்: தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. வரவு என்றால் வாங்கியது, பரிசாக வந்தது. செலவு என்றால் வாசித்து முடித்தது, கொடுத்துவிட்டது. நூலகப் புத்தகம் இதில் வராது. இறுதி இருப்பு மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் வாங்குவதுதான் உங்கள் பொழுதுபோக்கு, வாசிப்பது இல்லை. அதிலும் தப்பொன்றும் இல்லை, தெரிந்து செய்தால் சரி.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் எங்கள் ஈரோடு புத்தகத் திருவிழா. இந்த இரண்டு மாதமும் வரவு கட்டம் பிதுங்கும். இறுதி இருப்பை ஒரு வருடத்து வாசிப்பால் வகுத்துப் பார்த்தால் எத்தனை வருடச் சரக்கு கையில் இருக்கிறது என்று தெரியும். இரண்டு வருடச் சரக்கைத் தாண்டினால் அந்த முறை நான் மூன்று புத்தகத்துக்கு மேல் வாங்குவதில்லை. தள்ளுபடி பத்துச் சதவீதம் என்றாலும் சரிதான், வாங்காமல் விட்டால் நூறு சதவீதம்.

முழு இருப்பு எடுப்பது ஜூலை 21. அலமாரியில் உள்ளவற்றைத் தட்டு வாரியாக எழுதி, இரண்டு வருடமாகத் தொடாததைத் தனியே அடுக்கி, ரயில் தோழிகளிடம் கேட்டுப் பங்கிட்டுவிடுவேன். மிச்சத்தை எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டுதான் ஆகஸ்டில் ஸ்டாலுக்குள் நுழைவேன். நாட்டுடைமையான, அதாவது யார் வேண்டுமானாலும் அச்சிடக்கூடிய, நூல்களைப் பல பதிப்பகங்கள் வெவ்வேறு அட்டையில் போடுகின்றன, வீட்டில் இருப்பதையே மறுபடி வாங்கிவிடுவோம். பெயரையும் பார்த்து, பட்டியலையும் பார்த்து, அப்புறம் பணத்தை எடுங்கள்.